வால்வுத் தாங்கியின் கதை

தேரின் அழகைப் பாடியோர் பலர். அச்சாணியை நினைத்தோர் சிலர். அச்சிலருள் வள்ளுவர் தலையாயவர். வானொலியின் வரலாற்றை எழுதப் புகுந்தோரும் பெரும்பாலும் தேரையே பாடிச் சென்றனர். பிளெமிங், டி பாரெஸ்ட் ஆகியோரின் பெயர்களை மாணவர் அறிவர். அவர்கள் உலகுக்கு அளித்த வெற்றிடக் குழலை, அதாவது வால்வை, படத்திலேனும் கண்டிருப்பர். ஆனால் அவ்வால்வைத் தன்மேல் நிறுத்தி, அதன் ஒவ்வோர் ஊசிக்கும் மின்சாரத்தைக் கொண்டு சேர்க்கும் சிறு வட்டினை எண்ணிப் பார்ப்பவர் அரியர். அதுவே வால்வுத் தாங்கி. ஐம்பது அறுபது ஆண்டுகளைக் கடந்த ஒரு வானொலிப் பெட்டி இன்று ஊமையாகக் கிடந்தால், மின்தேக்கிகளுக்கு அடுத்தபடியாக ஐயுறத்தக்க உறுப்பு இத்தாங்கிதான். பழுது தாங்கியில் இருக்க, பழி வால்வின்மேல் விழுந்த கதைகள் வானொலி வரலாற்றில் ஏராளம்.

தாங்கி என்பது ஏன் தோன்றிற்று? வால்வு சாகக்கூடியது என்பதால் தோன்றிற்று. வால்வின் உள்ளே சிவந்து எரியும் இழை, மின்விளக்கின் இழையைப் போலவே ஒருநாள் அற்றுப்போகும். அப்பொழுது பெட்டியையே வீசி எறிய இயலாது. வால்வை மட்டும் கழற்றி வேறொன்றைச் செருக வேண்டும். 1904ஆம் ஆண்டில் பிளெமிங் தம் இருமின்வாய் வால்வுக்குக் காப்புரிமை கோரியபோதோ, 1906ஆம் ஆண்டில் டி பாரெஸ்ட் 'ஆடியான்' என்ற தம் குழலை வெளிப்படுத்தியபோதோ, தாங்கி ஒரு தனிக் கலையாக வளர்ந்திருக்கவில்லை. தொடக்கக்கால ஆடியான்களின் அடியில் சிறு மின்விளக்கின் திருகுமரையே இருந்தது. மற்ற மின்வாய்களின் கம்பிகள் மறுமுனையில் தளர்ந்து தொங்கின. ஓர் இழை அற்றுப்போனால் இணைத்துக்கொள்வதற்கென்று இரண்டாவது இழையொன்றையும் உள்ளே வைத்திருந்தனர். செலவைக் கருதிய ஏற்பாடுதான். ஆயினும் அதில் தாங்கியின் பிறப்புக்கான காரணம் தெளிவாகத் தெரிகின்றது.

முதல் உலகப் போர் வால்வை ஆய்வுக்கூடத்திலிருந்து அகழிக்குக் கொண்டு சென்றது. 1915ஆம் ஆண்டில் பிரெஞ்சு இராணுவத் தந்திப் பிரிவின் தலைவரான பெரியே என்பாரின் முயற்சியால் உருவான 'டி.எம்.' வால்வு, பேரளவில் செய்யப்பட்ட முதல் வால்வுகளுள் ஒன்று. இருட்டிலும் சேற்றிலும் நின்று வால்வை மாற்ற வேண்டிய போர்வீரனுக்குத் திருகுமரையும் தொங்கும் கம்பியும் உதவா. நான்கு ஊசிகளைக் கொண்ட அடிப்பகுதி அவ்வாறு நிலைபெற்றது. அந்நான்கனுள் நேர்மின்வாய்க்குரிய ஊசி மட்டும் மற்ற மூன்றினின்றும் சற்று விலகி நிற்கும். தவறான திசையில் செருக முயன்றால் வால்வு உள்ளே செல்லாது. சென்றுவிட்டால், உயர் மின்னழுத்தம் இழைக்குள் பாய்ந்து, விலையுயர்ந்த வால்வு கண்ணிமைக்கும் நேரத்தில் எரிந்து போயிருக்கும். ஊசியொன்றைச் சற்றே தள்ளி நட்டு அறியாமையிலிருந்து பொருளைக் காத்த அறிவு பாராட்டத்தக்கது.

அமெரிக்கர் வேறு வழி சென்றனர். 1920களின் முற்பகுதியில் அங்கு விற்பனையான 'யு.வி.' வகை வால்வுகளைக் குழி போன்ற தாங்கியில் இறக்கிச் சற்றே திருப்பிப் பூட்ட வேண்டும். அவற்றின் குட்டையான நான்கு ஊசிகளும் அடியிலுள்ள தட்டையான வில்தகடுகளின்மேல் அமர்ந்து மின்தொடர்பு பெற்றன. நாளடைவில் வில்தகடு தளரும்; தொடர்பு விட்டுவிட்டு வரும்; ஒலி கரகரக்கும். மின்கலங்களைக் கழற்றிவிட்டு, வில்தகடுகளை மெல்ல மேல்நோக்கி வளைத்துவிடுவதே அதற்கு மருந்து. தாங்கியைப் பழுதுபார்க்கும் கலையின் முதற்பாடம் அதுவென்று கொள்ளலாம். 1925ஆம் ஆண்டில் வந்த 'யு.எக்ஸ்.' வகை நீண்ட ஊசிகளைக் கொண்டிருந்தது. ஊசியைத் தொடுமுனை பக்கவாட்டில் கவ்விப் பிடித்ததால், செருகும்போதெல்லாம் உலோகத்தின்மேல் உலோகம் உராய்ந்து தன்னைத்தானே துடைத்துக்கொண்டது. இழைக்குரிய இரண்டு ஊசிகளும் தடித்தவை. ஏனைய இரண்டும் மெல்லியவை.

தாங்கியின் வரலாற்றில் வியப்பூட்டும் செய்தி ஒன்று பிரிட்டனிலிருந்து கிடைக்கின்றது. 1920களில் மார்க்கோனி நிறுவனம் தன் காப்புரிமைகளைப் பயன்படுத்திய வானொலி உற்பத்தியாளர்களிடம் உரிமத்தொகை பெற்றது. அத்தொகையை எதைக் கொண்டு கணக்கிட்டனர்? பெட்டியின் விலையைக் கொண்டன்று. தாங்கிகளின் எண்ணிக்கையைக் கொண்டு. ஒரு தாங்கிக்கு 12 ஷில்லிங் 6 பென்ஸ்! சில பென்ஸ் பெறாத ஒரு வட்டுக்கு அத்துணை வரி. வால்வுகளைக் குறைத்து, இருக்கும் வால்வுகளிடம் மிகுதியாக வேலை வாங்கும் வழக்கம் உற்பத்தியாளரிடையே பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். ஜெர்மனியில் லோவே நிறுவனம் 1926ஆம் ஆண்டில் வெளியிட்ட '3என்.எப்.' என்னும் குழலில் மூன்று வால்வுகளும் அவற்றுக்குரிய மின்தடைகளும் மின்தேக்கிகளும் ஒரே கண்ணாடிக் கூட்டினுள் அடங்கியிருந்தன. மூன்று வால்வுகளின் வேலைக்கு ஒரே தாங்கி! வரிக்கணக்கர் எண்ணும் பொருளைப் பொறியாளர் குறைப்பது எந்நாட்டிலும் நிகழ்வதே.

1930களில் தாங்கி வகைகள் பெருகின. நான்கு ஊசி, ஐந்து ஊசி, ஆறு, ஏழு என்று அமெரிக்காவில் வளர்ந்தன. ஐரோப்பாவில் பிலிப்ஸ் நிறுவனம் 1934ஆம் ஆண்டில் ஊசிகளையே அகற்றி, வால்வின் அடிப்பகுதியைச் சுற்றிப் பக்கத் தொடுமுனைகளை அமைத்தது. 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உலோக உறையுள்ள வால்வுகளுடன் எட்டு ஊசி அமைப்பான 'ஆக்டல்' வந்தது. அதன் நடுவே ஒரு தண்டு. தண்டின் ஒரு பக்கத்தில் ஒரு முகடு. தாங்கியின் நடுத்துளையில் அதற்கேற்ற ஒரு பள்ளம். கண்ணால் காணாமலே வால்வைச் சுழற்றிப் பார்த்து, முகடு பள்ளத்தில் விழுந்ததும் அழுத்திவிடலாம். 1939ஆம் ஆண்டளவில் ஏழு ஊசிச் சிறு வால்வுகளும், 1947இல் பிலிப்ஸின் எட்டு ஊசி 'ரிம்லாக்' வகையும், 1940களின் இறுதியில் ஒன்பது ஊசி 'நோவல்' வகையும் தோன்றின. இப்பிற்கால வகைகளில் ஊசிகள் கண்ணாடியிலிருந்தே நேராக வெளிவருவன. இதனைப் பழுதுபார்ப்பவர் மறத்தலாகாது. தாங்கி ஊசியை ஒரு பக்கமாக இழுத்தால் வெடிப்பது கண்ணாடியாகும்.

தாங்கி எதனால் ஆயது என்பதிலேயே அதன் ஆயுள் அடங்கியிருக்கின்றது. பெய்க்லண்ட் 1907ஆம் ஆண்டில் கண்ட பேக்லைட் என்னும் செயற்கைப் பிசின், மின்காப்புப் பொருள்களின் உலகையே மாற்றிற்று. அதனை அச்சில் வார்த்துச் செய்த தாங்கிகள் திடமானவை. பீங்கான் தாங்கிகள் அவற்றினும் சிறந்தவை. ஆனால் விலை மிகுந்தவை. மலிவான வீட்டு வானொலிகளுக்கு உற்பத்தியாளர் தேர்ந்தது வேறு. காகிதத் தாள்களைப் பேக்லைட் பிசினில் தோய்த்து அழுத்திய இரண்டு தகடுகள், அவற்றின் நடுவே தொடுமுனைகள், அனைத்தையும் இறுக்கும் ரிவெட்டுகள், அவ்வளவே. பார்ப்பதற்குப் பிஸ்கட் போன்ற இத்தட்டைத் தாங்கிகள் கோடிக்கணக்கான பெட்டிகளில் இடம்பெற்றன. கேடு காலத்தால் வந்தது என்பர் சிலர். காலம் பீங்கானையும் கடந்துதான் சென்றிருக்கின்றது. பீங்கான் தாங்கிகளுள் பல இன்றும் புதியனபோல் விளங்குகின்றன. கேட்டின் வித்து பெரும்பாலும் தொழிற்சாலையின் விலைக்கணக்கிலேயே விதைக்கப்பட்டுவிட்டது.

தாங்கி கெடும் வழிகளுள் முதலாவது, தொடுமுனை தளர்தல். பித்தளையாலோ பாஸ்பர் வெண்கலத்தாலோ செய்யப்பட்ட தொடுமுனையின்மேல் களிம்பு படர்கின்றது. ஊசிக்கும் தொடுமுனைக்கும் இடையே ஒரே ஓர் ஓம் மின்தடை தோன்றுவதாகக் கொள்வோம். 'ஈ.எல்.84' என்னும் ஒலிப்பெருக்கி வால்வின் இழைக்கு 6.3 வோல்ட்டில் 0.76 ஆம்பியர் வேண்டும். அந்த ஓர் ஓம், இழைக்குச் சேர வேண்டியதில் ஏறத்தாழ 0.7 வோல்ட்டை விழுங்கிவிடும். விழுங்கியது வீண்போவதில்லை, ஏறக்குறைய அரை வாட்டு வெப்பமாகி அத்தொடுமுனையையே சுடும். சூட்டில் வில்லின் இறுக்கம் குறையும். இறுக்கம் குறையக் களிம்பு மிகும். களிம்பு மிக வெப்பம் இன்னும் கூடும். நோயே நோயை வளர்க்கும் இச்சுழல் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி நடக்கும். கேட்பவருக்குத் தெரிவதெல்லாம் வானொலியின் குரல் சற்றே மங்கிற்று என்பது மட்டுமே.

இழைகளைத் தொடராக இணைத்த பெட்டிகளில் விளைவு இன்னும் கடுமையானது. ரிம்லாக் வால்வுகள் ஐந்தைக் கொண்ட ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். 14, 12.6, 14, 45, 31 வோல்ட்டு இழைகள் மாலையில் கோத்த மணிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். 0.1 ஆம்பியர் மின்னோட்டம் ஐந்தையும் கடந்து செல்ல வேண்டும். ஒரு தாங்கியின் ஒரு தொடுமுனை கைவிட்டால் ஐந்து வால்வுகளும் ஒருங்கே இருண்டுவிடும். அமெரிக்காவில் 1950களில் மருந்துக் கடைகளிலும் பலசரக்குக் கடைகளிலும் வால்வுச் சோதனைப் பொறிகள் வைக்கப்பட்டிருந்தன. வீட்டுக்காரர் வால்வுகளையெல்லாம் கழற்றிப் பையிலிட்டுக் கொண்டு சென்று, தாமே சோதித்துப் புதியன வாங்கலாம். அப்பொறி வால்வின் நலத்தைத்தான் சொல்லும். வீட்டில் விட்டுவந்த தாங்கியின் நலத்தை அது எவ்வாறு அறியும்? சில வேளைகளில், கழற்றிய வால்வுகளை மீண்டும் செருகியதனாலேயே வானொலி பேசத் தொடங்கிவிடும். களிம்பு உரசிப்போனதே உண்மைக் காரணம். புதிதாக வாங்கிய வால்வுக்குக் கிடைத்த புகழ் அதற்கு உரியதன்று.

இரண்டாவது கேடு, தொடுமுனைகளுக்கு இடையே மின்சாரம் கசிதல். இதுவே கொடியது. '5ஒய்3' போன்ற ஆக்டல் மின்திருத்தி வால்வின் 4ஆம், 6ஆம் ஊசிகள் இரண்டு நேர்மின்வாய்களுக்கு உரியவை. ஒவ்வொன்றுக்கும் 350 வோல்ட்டு மாறுமின்னழுத்தம் வருமானால், அவ்விரண்டுக்கும் இடையே உச்சத்தில் ஏறத்தாழ 990 வோல்ட்டு நிற்கும். அவற்றின் நடுவே தூசியும் ஈரமும் படிந்தால் ஒருநாள் தீப்பொறி பாயும். பேக்லைட் காகிதம் கருகிக் கரியாகும். கரி மின்கடத்தி. ஒருமுறை பாய்ந்த வழி அடுத்த முறைக்குச் செப்பனிட்ட பாதையாகிவிடுகின்றது. '6வி6' என்னும் வால்வில் 2ஆம் ஊசி இழைக்குரியது. பக்கத்திலுள்ள 3ஆம் ஊசி நேர்மின்வாய்க்குரியது. அவ்விடைவெளியும் கரியாகும் இடங்களுள் ஒன்று.

பொறி பாயாமலே கசியும் கசிவைக் கண்டுபிடிப்பது இன்னும் அரிது. அதே '6வி6' வால்வின் 5ஆம் ஊசி, 'கிரிட்' என்னும் கட்டுப்பாட்டு வலைக்கு உரியது. அதன் அருகே 4ஆம் ஊசியில் 250 வோல்ட்டு நிற்கும். போதாக்குறைக்கு, வால்வு பயன்படுத்தாத 6ஆம் தொடுமுனையை உயர் மின்னழுத்தக் கம்பிகளைப் பற்றவைக்கும் மேடையாகச் சில உற்பத்தியாளர் பயன்படுத்தினர். ஒரு சிறு பற்றுமுனையின் விலையை மிச்சப்படுத்தி, நுண்ணிய கிரிட்டினை இரு பகைவர்க்கு நடுவே நிறுத்திய அச்செயல் பொறியியலுக்குப் பெருமை சேர்ப்பதன்று. தாங்கியின் காப்புத்திறன் குன்றி, 250 வோல்ட்டிலிருந்து கிரிட்டுக்கு 20 மெகஓம் வழியொன்று ஏற்படுவதாகக் கொள்வோம். கிரிட்டின் மின்தடை 0.47 மெகஓம். கணக்கிட்டால் ஏறத்தாழ 5.7 வோல்ட்டு நேர்மின்னழுத்தம் கிரிட்டில் ஏறும். எதிர்த்திசையில் 12.5 வோல்ட்டில் அடங்கி நிற்க வேண்டிய வால்வு, அதனால் கட்டு மீறி மிகுந்த மின்னோட்டத்தைச் சுமக்கும், சுடும், ஒலி சிதையும், ஆயுள் சுருங்கும். புது வால்வு செருகினாலும் அதுவே கதி.

இவ்வகைக் கசிவுக்கு வெப்பமண்டலம் விளைநிலம். காகிதம் கலந்த தகடு ஓரங்களின் வழியே ஈரத்தை உறிஞ்சும். பசிபிக் போர்க்காலத்தில் நியூகினி போன்ற இடங்களுக்குச் சென்ற நேச நாட்டுப் படைகளின் வானொலிக் கருவிகள் ஈரத்தாலும் பூஞ்சணத்தாலும் செயலிழந்தன. அதன்பின்னரே பூஞ்சண எதிர்ப்பு மெருகு பூசுதலும், நல்ல காப்புப் பொருள்களைத் தேர்தலும் முறைப்படுத்தப்பட்டன. ஆனால் வீட்டு வானொலிகள் அனைத்தும் அத்தகைய காப்பைப் பெறவில்லை. 1946 ஏப்ரல் முதல் நாளன்று ரேடியோ மலாயா தொடங்கியபின் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஒலித்த பெட்டிகளுள், குளிர்நாட்டு அறைகளை எண்ணிச் செய்யப்பட்டவை பல. மழைநாளில் போட்டவுடன் கரகரத்து, அரைமணி நேரம் சூடேறி ஈரம் உலர்ந்தபின் தெளிவாகப் பேசும் பெட்டியைக் கண்டால், முதலில் தாங்கிகளை ஆராய்வது தக்கது.

பழுதைத் தேடும் முறைக்கு ஒழுங்கு உண்டு. பெட்டி இயங்கும்போது ஒரு மரக்குச்சியால் வால்வுகளை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டினால், தளர்ந்த தாங்கி கரகரத்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கசிவை அறிய, ஒலிப்பெருக்கி வால்வைக் கழற்றி, கிரிட்டுக்கு வரும் மின்தேக்கியின் கம்பியையும் விடுவித்துவிட்டு, கிரிட் தொடுமுனையில் உயர் உள்தடை கொண்ட மின்னழுத்தமானியை வைக்க வேண்டும். இழைகள் தொடராக அமைந்த பெட்டியில் ஒரு வால்வைக் கழற்றினால் எல்லாம் அணைந்துவிடும். அங்கு இச்சோதனை செல்லாது. முள் அசையாதிருந்தால் குற்றம் மின்தேக்கியினுடையதாகவோ வால்வினுடையதாகவோ இருக்கலாம். முள் ஏறினால் குற்றவாளி தாங்கியே. பழைய மின்தேக்கிகளே பெரும்பாலும் குற்றம் செய்வன என்பது உண்மை. அதனாலேயே தாங்கியின் குற்றம் மறைந்துவிடுகின்றது.

கைவைக்குமுன் மின்செருகியை எடுத்துவிடுதலும், பெரிய மின்தேக்கிகளில் தேங்கிய மின்சாரத்தை ஒரு மின்தடையின் வழியாக வடித்து, வடிந்ததை அளந்து உறுதிசெய்தலும் கட்டாயம். இழைகளைத் தொடராக இணைத்த பெட்டிகளுள் பலவற்றின் உலோக அடித்தட்டு, வீட்டு மின்கம்பியோடு நேரே இணைந்தது. அத்தகைய பெட்டிகளை இயக்கிச் சோதிப்பது பயின்றவர் செய்ய வேண்டிய வேலை. மாணவர் தனியே அதனைத் தொடலாகாது.

களிம்பு மட்டுமே குற்றமெனில், பல்லிடுக்குத் துலக்கும் சிறு தூரிகையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் தொடுமுனைகளைத் துடைக்கலாம். உப்புத்தாள் இட்டுத் தேய்ப்பது கூடாது. வெள்ளிமுலாம் பூசிய தொடுமுனையாயின் முலாமே போய்விடும். ஊறும்படி மருந்தை ஊற்றுதலும் தவறு. காகிதத் தகடு அதனையும் குடிக்கும். பின்னர்க் கூரிய ஊசியொன்றைத் தொடுமுனைக்கும் அதன் குழிச்சுவருக்கும் இடையே விட்டு, தளர்ந்த இதழை உள்நோக்கி மயிரளவு தள்ள வேண்டும். இங்குக் கைந்நிதானம் தேவை. மிகுதியாகத் தள்ளினால் இதழ் ஒடியும்; அல்லது ஒன்பது ஊசி வால்வின் கண்ணாடி வெடிக்கும். இவ்வகைத் தாங்கிகளில் தொடுமுனைகள் சற்றே அசைந்து கொடுக்கும்படி அமைக்கப்பட்டுள்ளன. தொழிற்சாலைகளில் ஈயம் பற்றவைக்கும்போது போலி வால்வொன்றைச் செருகி வைக்கும் வழக்கம் இருந்தது. ஈயம் இறுகும்போது தொடுமுனைகள் நடுநிலையில் நிற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இன்று பழுதுபார்ப்பவர் உயிரற்ற பழைய வால்வொன்றை அப்பணிக்கு வைத்துக்கொள்வர்.

கரிக்கோடு மேற்பரப்பில் மட்டும் இருந்தால் கத்திமுனையால் வெள்ளையாகும்வரை சுரண்டி, துடைத்து, மெருகு பூசலாம். மின்திருத்தி வால்வின் தாங்கியில் இதனை நம்புவது அறிவுடைமையாகாது. கரி உள்ளே இறங்கியிருக்கும். தாங்கியை மாற்றிவிடுவதே முறை.

மாற்றுவோர் முதலில் செய்ய வேண்டியது வரைதல். எந்தத் தொடுமுனைக்கு எந்தக் கம்பி என்பதை ஐயமறக் குறித்துக்கொள்ள வேண்டும். ஊசிகளின் எண்கள் வால்வின் அடிப்புறத்திலிருந்து நோக்கும்போது வலஞ்சுழியாகச் செல்வன. மேலிருந்து நோக்கி எண்ணுபவர் கண்ணாடியில் எழுத்தைப் படிப்பவரைப் போல எல்லாவற்றையும் தலைகீழாகக் கொள்வார். ரிவெட்டின் தலையை மட்டும் துளைத்தெடுத்து, உலோகத்துகள் சுருள்களுக்குள் விழாமல் துணியிட்டுக் காக்க வேண்டும். புதிய தாங்கியின் பள்ளம் பழையது நோக்கிய திசையையே நோக்க வேண்டும். இல்லையேல் ஒரு கம்பியும் தன் இடத்தை எட்டாது. கம்பிகளை ஒவ்வொன்றாகவே மாற்றுதல் நன்று. அலைகளைப் பிரிக்கும் முதற்பகுதியில் தாங்கியை மாற்றினால் கம்பிகளின் நீளமும் இடைவெளியும் மாறும். ஆதலின் அலைவரிசையை மீண்டும் சீர்செய்ய நேரலாம்.

பழமை பேணுவோரிடையே இங்கொரு வழக்கு உண்டு. பழுப்புநிறக் காகிதத் தாங்கி இருந்த இடத்தில் வெண்பீங்கானை வைப்பது வரலாற்றைத் திருத்துவதாகும் என்பர் ஒரு சாரார். வானொலி பேசாவிட்டால் அது வானொலியே அன்று என்பர் மறுசாரார். இரு தரப்பாரின் கூற்றிலும் நியாயம் இருக்கின்றது. மின்திருத்திக்கும் ஒலிப்பெருக்கி வால்வுக்கும் பீங்கான் வைப்பதில் தயங்க வேண்டுவதில்லை; தீப்பற்றக்கூடிய இடத்தில் பழமைக்குச் சலுகை கிடையாது. ஏனைய இடங்களில் தூய்மை செய்து பழையதையே நிறுத்துவது சால்புடைத்து. கழற்றிய தாங்கியை ஓர் உறையிலிட்டு, மாற்றிய நாளையும் காரணத்தையும் எழுதிப் பெட்டியினுள்ளேயே வைத்துவிடும் வழக்கம் இரு சாராரும் ஏற்கத்தக்கது.

ஆக்டல், நோவல் தாங்கிகள் இன்றும் புதியனவாகச் செய்யப்படுகின்றன. மின்கித்தார்க் கலைஞர்களின் ஒலிப்பெருக்கிகளில் வால்வுகள் இன்னும் வாழ்வதே அதற்குக் காரணம். 1930களின் பக்கத் தொடுமுனைத் தாங்கிக்கு அந்த நற்பேறு அவ்வளவாக இல்லை. அதனைத் தேடுவோர் பெரும்பாலும் சிதைந்த பெட்டியொன்றின் அடித்தட்டிலிருந்து ஒரு தொடுமுனையைக் கழற்றி, மற்றொரு பெட்டியில் ஒடிந்துபோன தொடுமுனையின் இடத்தில் பொருத்துகின்றனர்.